அரைமணிக்கு ஒருமுறை

வேலந்தாவளத்துக்கு வடக்கே,
சோதனைச்சாவடி லாரிகளின் வெளிச்சம் எட்டாத திருப்பத்தில்
அறுபது வருஷத் தடுப்பணையை இடிக்கிறார்கள்.
இடிப்பது என்பது பெரிய சொல்.
நாளைக்கு ஒரு சாண்.
அதற்கு மேல் கூடாதென்று
திருமூர்த்தியின் பொக்லைன் கண்ணாடியில்
இரண்டு மொழியிலும் ஒட்டியிருக்கிறது.

என் வேலை சின்னது.
அணைக்குக் கீழே, மஞ்சள் திரை தாண்டி,
ஆற்றை ஒரு நீளக் குழாயில் மொண்டு
மேலிருந்து உள்ளே பார்க்க வேண்டும்.
அடியில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு குறி.
எத்தனை சென்டிமீட்டர் தண்ணீருக்கு அது தெரிகிறதோ
அத்தனை என்று நோட்டில் எழுத வேண்டும்.
முப்பதுக்குக் கீழே போனால் போன்.

பயம் தண்ணீரைப் பற்றியல்ல,
அது படுத்திருந்த மெத்தையைப் பற்றி.
மேற்கே தென்னைக்கு அடித்தது,
கிழக்கே கடலைக்கு அடித்தது,
மூடப்போகிற சாயப்பட்டறை ஒன்று
கடைசி வாரம் ராத்திரியில் திறந்துவிட்டது,
எல்லாம் வந்து மதகடியில் ஒதுங்கிவிட்டது.
தண்ணீருக்கு இரண்டு மாநிலமும் கோர்ட்டுக்குப் போயின.
சேறு எங்களுடையது என்று
ஒருத்தரும் மனுப்போடவில்லை.

கோடையில் எழுநூறு லோடு வாரியாயிற்று.
தார்ப்பாய் விரித்த குழியில் அது இன்னும் நாறுகிறது.
மிச்சம் கரையோரம்,
எருமை மாதிரி, அசையாமல்.

கீழே ஐந்து கிலோமீட்டரில் பம்ப் ஹவுஸ்.
அங்கே குஞ்ஞாமு.
முகம் பார்த்ததில்லை, குரல்தான்.
ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி: "கலங்கியோ?"
தண்ணீரையா என்னையா என்று
ஒரு நொடி குழம்பித்தான் பதில் சொல்வேன்.
எங்கள் ஊரில் ஏரி வழியும் இடத்துக்கும்
கலங்கல் என்றுதான் பேர்.

பன்னிரண்டரை, ஐம்பத்தாறு.
ஒரு மணி, ஐம்பத்தைந்து.
ஒன்றரைக்குக் குளிரில் கை நடுங்கி
ஐம்பதா ஐம்பத்திரண்டா தெரியாமல்
ஐம்பது என்று எழுதினேன்.
இரண்டு மணிக்குக் குறி இல்லை.
டார்ச்சைக் கிட்டே பிடித்தேன்.
தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இறக்கினேன்.
பதினொன்றில் வந்தது.

இடது கரை சரிந்திருந்தது.
சத்தமே இல்லாமல், ஒரு வீட்டளவு.
திரையின் ஓரம் சங்கிலியோடு பிய்ந்து
மஞ்சள் துணி ஆற்றில் மல்லாந்து கிடந்தது.

திருமூர்த்தி கேபினிலேயே தூங்குகிறவர்.
கதவைக் கல்லால் தட்டினேன்.
சட்டை கூடப் போடாமல்
திறந்த வாயில் மணல்மூட்டை இறக்கினார்,
நாற்பது, ஐம்பது, எண்ணவில்லை.
சூப்பர்வைசர் போனில்
"இதுக்கு யார் ஆர்டர் குடுத்தா?" என்றார்.
பதினொன்று, என்றேன் நான்.
அது பெயர் என்று நினைத்திருப்பார்.

குஞ்ஞாமு கணக்குப் போட்டார்:
"மூணு மணி நேரம். அஞ்சுக்கு இங்கே வரும்.
நாலரைக்கு அடைக்கிறேன்."

ஆறு மணிக்கு அவரே கூப்பிட்டார்.
பேசவில்லை. போனை வெளியே நீட்டிப் பிடித்தார்.
குடங்கள். ஒரு பெண்ணின் குரல்,
பாதி தமிழ், பாதி மலையாளம்,
அவர் குடும்பத்தில் நாலு தலைமுறையை இழுத்தது.
கல்யாண வீடாம். நானூறு பேருக்குச் சோறாம்.
குழாய் திறந்தால் காற்றாம்.
பின்னால் யாரோ "லாரி வருது" என்றார்கள்.
அவள் நிறுத்தவில்லை.
அந்த நேரம் பம்ப் ஹவுஸ் வாசலில்
என்ன நிறத்தில் ஆறு போய்க்கொண்டிருந்தது என்று
அவள் திரும்பிப் பார்த்தாளோ என்னவோ.

எனக்கு விரல் நகத்தில் சேறு.
மண்ணெண்ணெயும் அழுகின வாழையும் சேர்ந்த வாடை.
பாட்டில் தண்ணீரில்தான் கழுவினேன்,
ஆற்றுக்குப் பத்தடி தள்ளி.

திருமூர்த்தி டீ கொண்டுவந்தார்.
"இன்னைக்கு ஒரு சாணும் இல்லையா?"
இல்லை, என்றேன்.
"நாளைக்கு?"
கரையைக் கட்டட்டும், திரையைத் தைக்கட்டும்.
அவர் கையை விரித்து
கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே
மிச்சமிருக்கும் அணையை அளப்பதுபோல்
ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

எட்டே முக்காலுக்கு மணி அடித்தது.
"தெளிஞ்ஞு," என்றார் குஞ்ஞாமு,
குரலில் அவ்வளவு சந்தோஷம்.
பின்னால் மோட்டாரைத் தயார் செய்கிற சத்தம்.

எண்ணைச் சொல்லுங்க, என்றேன்.